கொழும்பின் இரவில் எங்கே போகலாம்?

வடக்கு, கிழக்கில் இருந்து கொழும்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பொழுதுபோக்குக்காக வருவதில்லை. தூதரக நேர்முகம், மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை, நீதிமன்றத் தவணை, வெளிநாடு போகிற பிள்ளையை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வருவது என்று ஏதோ ஓர் அலுவல் இருக்கும். பகல் முழுவதும் வரிசையில் போய்விடும். பின்னேரம் ஐந்து மணிக்கு அலுவல் முடிந்தால் வெள்ளவத்தையில் எடுத்த லொட்ஜ் அறைக்குத் திரும்பி, கதவைப் பூட்டிக்கொண்டு, யாழ்ப்பாண பஸ் வெளிக்கிடும் நேரம் வரையோ அடுத்த நாள் விடியும் வரையோ தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வழக்கம்.

வன்னியில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் வந்து இங்கேயே கடைகளிலும் கட்டட வேலைத்தளங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இளைஞர், யுவதிகளின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். பகலில் கொழும்பு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரவில் தெரிந்தது அறை மட்டுமே.

கொழும்பில் இரவைக் கழிக்க எங்கே போகலாம் என்று சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அவை சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. எங்கே என்ன கிடைக்கும் என்பதோடு, ஏன் அங்கே போவதற்கு எங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, அந்த இடங்களுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு, எப்படிப் பாதுகாப்பாகத் திரும்பி வருவது என்பவற்றையும் சேர்த்து விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தயக்கத்தின் வரலாறு

போர்க்காலக் கொழும்பில் இரவு என்பது சோதனைச் சாவடிகளின் நேரம். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இருந்த பிறந்த இடம் போதும். கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று இருந்தால் கேள்விகள் நீளும். வீட்டில் தங்குகிறவர்களின் விபரத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். லொட்ஜ் முகாமையாளர் விருந்தினர் பட்டியலைக் கொடுக்க வேண்டும். சுற்றிவளைப்புகள் பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும்தான் நடக்கும். பதிவுத் துண்டும், கொழும்புக்கு ஏன் வந்தோம் என்பதற்கான கடிதமும் கையில் இல்லாமல் கடற்கரைப் பக்கம் போவதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை போன்ற இடங்களின் லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டார்கள். சாமான்களைக் கட்டுவதற்குச் சில நிமிடங்கள்தான் கொடுக்கப்பட்டன. 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. அடுத்த நாளே இடைக்காலத் தடை உத்தரவு வந்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஆனால், கொழும்பில் ஒரு தமிழருக்கு அறைக்குள் இருந்தாலும் இரவு உத்தரவாதமில்லாதது என்ற எண்ணம் அந்தக் காலையோடு உறுதியாகிவிட்டது.

அச்சம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் 90க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். கோட்டைப் பகுதி பல வருடங்கள் தடுப்புகளுக்குள் கிடந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் சிங்கள, முஸ்லிம் மக்களும் பயத்தோடுதான் போய்வந்தார்கள். போர் முடிந்து, 2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியான பிறகுதான் இந்த நகரம் இரவில் மறுபடி நடக்கத் தொடங்கியது. எங்கள் ஆட்களில் பலர் இன்னும் தொடங்கவில்லை.

காலிமுகத்திடல்

முதலில் போக வேண்டிய இடம் இதுதான். நுழைவுக் கட்டணம் இல்லை. என்ன உடுத்திருக்கிறீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நட்சத்திர ஹோட்டல்கள், நடுவே புல்தரையும் நீண்ட நடைபாதையும். பொழுது படுகிற நேரத்தில் குடும்பங்கள் வரத் தொடங்கும். பட்டம் விடுகிற பிள்ளைகள், குடைக்குள் காதலர்கள், மாங்காயும் அன்னாசியும் விற்கிறவர்கள், இறால் வடை வண்டிகள். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் கூட்டம் அதிகம். தமிழ் பேசுகிறவர்கள் எல்லாத் திசையிலும் இருப்பார்கள். மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்கள், கொம்பனித்தெரு முஸ்லிம் குடும்பங்கள், கொட்டாஞ்சேனைப் பையன்கள். தனியாக வந்திருக்கிறோம் என்ற எண்ணம் வராது.

ஆங்கில ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் நகரத்துப் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்க ஒதுக்கிக் கொடுத்த இடம் இது என்பதைச் சுற்றுலா நூல்கள் எழுதும். அந்தத் திடலில் எங்களுக்கென்று இருக்கும் வரலாற்றை அவை எழுதுவதில்லை.

1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச்சிங்களச் சட்டமூலத்துக்கு எதிராக எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தது இந்தத் திடலில்தான். இப்போது ஜனாதிபதி செயலகமாக இருக்கும் கட்டடம் அப்போது நாடாளுமன்றம். அதன் எதிரே இருந்தவர்களைக் காடையர்கள் தாக்கினார்கள். அ. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு நாடாளுமன்றத்துக்குள் போனார். முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து இரண்டு வாரம்தான். 2009 ஜூன் 3ஆம் திகதி இதே இடத்தில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. அந்த நேரத்தில் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்குக் காலிமுகத்திடல் என்ற பெயர் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி, பல பத்து வருடங்களுக்குப் பிறகு சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டதும் இங்கேதான்.

2022 ஏப்ரல் 9ஆம் திகதி 'கோட்டா கோ கம' ஆரம்பமானபோது இந்தத் திடல் மூன்று மாதங்களுக்கு மேல் இரவிலும் தூங்கவில்லை. நூலகம், சமையற்கூடம், மேடை, கூடாரங்கள். நாட்டின் மிகப் பெரிய இரவுக் கூடல் அது என்று சொல்லலாம். அந்த மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்காலில் இறந்தவர்கள் நினைவுகூரப்பட்டார்கள், கஞ்சி பகிரப்பட்டது. 2017இல் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டில்களில் பிள்ளைகளைத் தேடி இருந்த தாய்மாருக்கு இந்த வெளிச்சம் ஏன் அதுவரை கிடைக்கவில்லை என்ற கேள்வி எங்களிடம் எழுந்தது நியாயமே. ஆனாலும் வெற்றி அணிவகுப்பு நடந்த புல்தரையில் அந்தக் கஞ்சி பகிரப்பட்டதும் நடந்த உண்மைதான். ஜூலை 22ஆம் திகதி அதிகாலை இராணுவமும் பொலிஸாரும் புகுந்து போராட்டக்காரர்களை அடித்துக் கலைத்ததும் இருட்டோடுதான்.

ஆகவே அங்கே போய் இறால் வடை சாப்பிடுகிறவர் யாருடையதோ ஒரு திடலில் விருந்தாளியாக நிற்கவில்லை.

மரைன் டிரைவும் வெள்ளவத்தையும்

தூரம் போக மனமில்லாதவர்களுக்கு வெள்ளவத்தையே போதும். காலி வீதிக்குச் சமாந்தரமாகக் கடலோரம் ஓடும் மரைன் டிரைவில் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு நடக்கலாம். தமிழ் முதியவர்கள் கூட்டமாக நடப்பார்கள்; கற்களில் இருந்து கதைப்பார்கள். கடலுக்கும் வீதிக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. தண்டவாளத்தைக் கடந்து கல் அணைக்குப் போகிறவர்கள் காதில் இயர்போனோடு போகக்கூடாது; அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சைவக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, இடியப்பம், புட்டு எல்லாம் எங்கள் நாக்குக்குத் தெரிந்த ருசியிலேயே கிடைக்கும். ஆனால் கொழும்பின் இரவுக்கென்று ஒரு சாப்பாடு இருக்கிறது என்றால் அது கொத்துரொட்டி. தகட்டில் இரும்பு அடிக்கும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். கொள்ளுப்பிட்டி காலி வீதியில் இருக்கும் ஹோட்டல் டி பிலாவூஸ் நள்ளிரவு தாண்டியும் திறந்திருப்பதால் பெயர் பெற்றது. சீஸ் கொத்தைத் தேடி காரில் வருகிறவர்களும் ஓட்டோ சாரதிகளும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் மருதானை, புதுக்கடைப் பக்கங்களில் இரவெல்லாம் சாப்பாட்டுக் கடைகள் விழித்திருக்கும்.

படம் பார்க்க

தமிழருக்குக் கொழும்பில் இரவுப் பொழுதுபோக்கு என்றால் ஒரு காலத்தில் இரண்டாவது ஷோதான். கொழும்பின் திரையரங்குத் தொழிலைக் கட்டியெழுப்பியவர்களில் தமிழர்கள் பலர். அவர்களில் முதன்மையானவர் சினிமாஸ் நிறுவனத்தின் கே. குணரத்தினம். சிங்களத் திரைப்படங்களையும் அவர் தயாரித்தார். வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் அதே நாட்களில் கொல்லப்பட்டார். எரிந்த ஸ்டூடியோவோடு சிங்களப் படச்சுருள்களும் அழிந்தன. கூட்டமாகப் போய் இரவுக் காட்சி பார்த்துவிட்டு நடந்து வீடு வரும் பழக்கமும் அதன் பிறகு பழையபடி இருக்கவில்லை.

இப்போது தமிழ்ப் படங்கள் ஒரே நாளில் பல இடங்களில் வெளியாகின்றன. தெஹிவளை கொன்கோர்ட், வெள்ளவத்தை சவோய், பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டி ஆகியவை வெள்ளவத்தையில் தங்குகிறவர்களுக்கு அருகில் உள்ளவை. கொழும்பு சிட்டி சென்டர், வன் கோல்ஃபேஸ் ஆகிய வணிக வளாகங்களில் இருக்கும் அரங்குகளில் கட்டணம் அதிகம். இருக்கையும் ஒலியும் அதற்கேற்றபடி இருக்கும். கடைசிக் காட்சி நள்ளிரவை ஒட்டி முடியும் என்பதால், ரிக்கற் எடுக்கும்போதே திரும்பி வரும் வழியையும் யோசித்து வைப்பது நல்லது.

மேடைகள்

1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கில் பெரும்பாலும் ஆங்கில, சிங்கள நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளும் நடக்கும். பொரளையில் புஞ்சி தியேட்டர், மருதானையில் 1911இல் தொடங்கிய டவர் மண்டபம் ஆகியவற்றில் சிங்கள நாடகங்கள். சிங்களம் கொஞ்சம் விளங்கினால் போய்ப் பார்க்கலாம். போரையும் காணாமல் ஆக்கப்படுதலையும் கேள்வி கேட்கிற சிங்களக் கலைஞர்களை நேரடியாகச் சந்திக்கிற இடம் அதுதான். 2011இல் திறக்கப்பட்ட தாமரைத் தடாக அரங்கில் பெரிய இசை நிகழ்ச்சிகள் நடக்கும். தென்னிந்தியப் பாடகர்கள் வந்தால் ரிக்கற் விலை நாட்சம்பளக்காரருக்கு எட்டாது.

செலவில்லாமல் தமிழில் ஒரு பின்னேரத்தைக் கழிக்க வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம் அது. சங்கரப்பிள்ளை மண்டபத்தில் நூல் வெளியீடு, உரை, நாடகம், நடனம் என்று ஏதாவது ஒன்று அடிக்கடி நடக்கும். பெரும்பாலானவற்றுக்கு அனுமதி இலவசம். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபமும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் அப்படியே. ஜேர்மன், பிரெஞ்சு கலாசார நிலையங்களில் அவ்வப்போது இலவசத் திரையிடல்கள் நடக்கும்.

பண்டிகைக் கால இரவுகள் தனி. ஆடிவேல் நேரத்தில் செட்டியார் தெருவில் இருந்து வேல் புறப்பட்டு பம்பலப்பிட்டிக்கு வரும். ஜூனில் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த அதே ஆலயம் அது. மே மாதத்தில் வெசாக் வந்தால் பேர வாவியைச் சுற்றி வெளிச்சக் கூடுகளும் பந்தல்களும் தன்சல்களும் இருக்கும். யார் போனாலும் சாப்பாடு கொடுப்பார்கள். வெசாக் எங்களுக்கு மே 18ஐ ஒட்டி வருகிற ஒன்று. 2019இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அந்த வாரத்தில் வெளிச்சம் பார்க்கப் போக மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லை.

பளபளப்பான கொழும்பு

கோட்டையில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை, சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஆர்கேட் வளாகம், குதிரைப் பந்தயத் திடல், நடைபாதைகள். நடுத்தர வர்க்கத்தினரின் இரவு இங்கேதான் கழிகிறது. இவை எல்லாம் போர் முடிந்த சில வருடங்களுக்குள் உருவானவை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. போரை நடத்திய அதே அமைச்சு, அதே செயலாளரின் கீழ் நகரத்தை அழகுபடுத்தியது. அதே காலத்தில் கொம்பனித்தெருவிலும் வேறு இடங்களிலும் குடும்பங்கள் வீடுகளை இழந்தன. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் உடைக்கப்பட்டன. இழந்தவர்களில் தமிழ் பேசும் மக்கள் கணிசமானவர்கள்.

இதைத் தெரிந்துகொண்டும் அந்த இடங்களுக்குப் போகலாம். ஒல்லாந்தர் வைத்தியசாலையின் முற்றத்தைச் சுற்றிப் பார்க்கப் பணம் தேவையில்லை. சாப்பிட இருந்தால்தான் பணம். கொழும்பின் பெரிய ஹோட்டல் மேசைகளில் வைக்கப்படும் நண்டும் இறாலும் பெரும்பாலும் எங்கள் கடலில் இருந்தும் களப்பில் இருந்தும் போகின்றவை. அங்கே ஒரு நண்டின் விலையைப் பார்த்தால் குருநகரில் அதைப் பிடித்தவருக்குக் கிடைத்தது என்ன என்ற கணக்கு தானாக மனதில் ஓடும்.

2022 செப்டெம்பரில் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர் உயரம். இரவில் மேலே ஏறினால் நகரம் முழுவதும் வெளிச்சமாகத் தெரியும். காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டயர் துறைமுக நகரத்தில் செயற்கைக் கடற்கரையும் நடைபாதையும் இருக்கின்றன.

இரவு விடுதிகளும் பார்களும் கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டைப் பக்கம் இருக்கின்றன. பலவற்றில் நுழைவுக் கட்டணம் உண்டு. செருப்பு, அரைக்காற்சட்டை, சாரத்தோடு உள்ளே விடமாட்டார்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் சட்டம். போயா தினத்தில் எங்கேயும் மது கிடையாது. பட்டியலில் எழுதியிருக்கும் விலைக்கு மேலே சேவைக் கட்டணமும் வரிகளும் சேரும். பில்லைப் பார்த்து மயங்காமல் இருக்க முதலே கேட்டுவிடுங்கள். சூதாட்ட விடுதிகளும் உண்டு. 2025 ஓகஸ்டில் இன்னொரு பெரிய விடுதி திறக்கப்பட்டது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்தோடு நிற்கிறவர்களுக்கு அந்தக் கதவு பக்கமே போக வேண்டாம் என்பதைத் தவிர வேறு ஆலோசனை இல்லை.

பெண்கள் தனியாகப் போகலாமா?

காலிமுகத்திடலுக்கும் மரைன் டிரைவுக்கும் பின்னேரத்தில் இருந்து ஒன்பது மணி வரை பெண்கள் இருவர், மூவராகப் போய் வருகிறார்கள். அதற்குப் பிறகு கூட்டம் குறையும். திரையரங்கு, வணிக வளாகம் ஆகியவற்றில் வெளிச்சமும் காவலாளர்களும் இருப்பதால் பல பெண்கள் அவற்றையே தெரிவு செய்கிறார்கள். பொதுக் கழிப்பறை இல்லாமை பெண்களைச் சீக்கிரம் வீடு திரும்ப வைக்கிற ஒரு காரணம் என்பதை நகரத் திட்டக்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டமும் பெண்களின் இரவை வேறாகவே பார்க்கிறது. பெண்களுக்கு மது விற்பதையும் மதுபானசாலைகளில் பெண்கள் வேலை செய்வதையும் தடுக்கும் பழைய கலால் அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முடிவைத் திருப்பிவிட்டார். நட்சத்திர ஹோட்டலில் இருக்கும் பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை. வசதியில்லாத பெண்ணுக்குத்தான் சட்டம் ஞாபகப்படுத்தப்படுகிறது. நீங்கள் குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். இரவில் வெளியே இருப்பதற்கான உரிமை அதனோடு தொடர்புடையதல்ல.

திரும்பி வருவது

கொழும்பின் இரவு சீக்கிரம் முடிவதற்கு முக்கிய காரணம் போக்குவரத்து. காலி வீதியில் ஓடும் 100, 101 இலக்க பஸ்கள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு குறைந்துவிடும். கரையோர ரயிலும் அப்படியே. ஓட்டோவுக்குப் பிக்மீ போன்ற செயலிகளைப் பயன்படுத்தினால் கட்டணமும் வாகன இலக்கமும் முன்கூட்டியே தெரியும். அந்த விபரத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம். தெருவில் மறித்து ஏறினால் ஏற முன்பே விலை பேசுங்கள்.

அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். 2023 டிசெம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோது வீதிச் சோதனைகளும் கைதுகளும் பெருகின; ஏழைகள் வாழும் இடங்களில்தான் அது கடுமையாக இருந்தது. பொலிஸார் மறித்தால் பதற்றப்படாமல் அட்டையைக் காட்டி, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கைது செய்வதானால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. விளங்காத மொழியில் எழுதிய எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வைத்த ஒரு கையெழுத்து எத்தனை பேரின் வருடங்களை விழுங்கியது என்பது எங்களுக்குத் தெரியும். பொலிஸ் அவசர அழைப்பு 119, அம்புலன்ஸ் 1990, பெண்கள் உதவி இலக்கம் 1938, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996.

முகாமில் இருந்தவர்களுக்கும் பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கும் சந்தோஷமாக ஒரு பின்னேரத்தைக் கழிப்பது இலகுவான விடயம் அல்ல. சிரித்தால் மறந்துவிட்டோம் என்று ஆகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் கட்டுரை ஒன்றால் நீக்க முடியாது. ஆனால் அடுத்த முறை தவணைக்கோ கிளினிக்குக்கோ வருகிறபோது, ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளவத்தையில் இருந்து 100 இலக்க பஸ்ஸில் ஏறினால் காலிமுகத்திடலில் இறங்கலாம். எட்டரைக்கு முன் திரும்ப வெளிக்கிட்டால் பஸ்ஸிலேயே வந்துவிடலாம்.